நெடுக்குத் திரை கேம்களைப் படுக்கை மானிட்டரில் ஆடுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் பெட்டிகளின் கேம்களைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டரை 24 அங்குல மானிட்டரில் போட்டால் பேக்-மேன், 1942 போன்ற கேம்கள் நடுவில் ஒல்லியான பட்டையாக வருகின்றன, இரு பக்கமும் கறுப்பு. சரி என்று மானிட்டரையே திருப்பி நிறுத்தினால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சுருங்கிப் போகிறது. இரண்டும் திரை நிறைய வருவதற்கு ஏதாவது செட்டிங் இருக்கிறதா?

படத்தை இழுத்து நிரப்புகிற செட்டிங் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். கேமின் உருவம் கெடாமல் இரண்டையும் நிரப்பிக் காட்டும் செட்டிங் எதுவும் கிடையாது, இருக்கவும் முடியாது. காரணம் தெரிந்துகொண்டால், உங்களிடம் இருக்கிற மானிட்டரை எப்படி வைத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்துவிடலாம்.

அந்தக் காலத்து ஆர்கேட் பெட்டிகளில் இருந்தது டிவியில் இருந்த மாதிரியான டியூப்தான். அகலத்துக்கும் உயரத்துக்கும் 4:3 விகிதம். மேலிருந்து எதிரிகள் இறங்கி வரும் கேமுக்கு உயரம் வேண்டும் என்பதால் அதே டியூப்பை 90 பாகை திருப்பிப் பெட்டிக்குள் திருகினார்கள். 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-ல் பேக்-மேன், 1981-ல் கேலகா, டாங்கி காங், 1984-ல் 1942, 1990-ல் ரெய்டன், 1997-ல் டோடோன்பாச்சி என்று அந்த வரிசை நீளமானது. ஜப்பானியர்கள் இப்படி நிற்கும் திரையை டேட்டே என்றும், படுத்திருக்கும் திரையை யோகோ என்றும் சொல்வார்கள். எமுலேட்டர் மெனுக்களில் டேட்டே என்ற சொல் அடிக்கடி வரும், பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. டியூப் திரும்பியிருப்பது கேம் ஓடும் சர்க்யூட் போர்டுக்குத் தெரியவே தெரியாது. பேக்-மேன் போர்டு அனுப்பும் படம் ஒரு கோட்டுக்கு 288 பிக்சல், மொத்தம் 224 கோடுகள். அதாவது படுக்கைப் படம். அதற்குள் எழுத்துகளும் பேய்களும் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். டியூப்பைத் திருப்பிப் பொருத்தியிருப்பதால் ஆடுகிறவர் கண்ணுக்கு எல்லாம் நிமிர்ந்து தெரியும். டியூப் அங்கே செய்த அந்த ஒரு வேலையைத்தான் மேம் நமக்காகச் செய்கிறது. படத்தை 90 பாகை திருப்பி, 224-க்கு 288 என்ற நிமிர்ந்த படமாக உங்கள் திரையில் வைக்கிறது.

எமுலேட்டரால் முடிந்தது அவ்வளவுதான். படத்தைத் திருப்பலாம், பெரிதாக்கலாம், இழுக்கலாம், வெட்டலாம். கேமின் களத்தை வேறு வடிவத்துக்கு மாற்றி வரைய முடியாது. வீட்டு கன்சோல்களுக்கு அந்த கேம்களைக் கொண்டுபோனவர்கள் அதைக் கைப்பட செய்தார்கள். நின்டெண்டோவின் வீட்டு கன்சோலுக்கு வந்த பேக்-மேனிலும் கேலகாவிலும் ஸ்கோர் மேலே இல்லாமல் வலது பக்கத்துக்கு ஒதுங்கியிருக்கும். அட்டாரி 2600-க்கு வந்த பேக்-மேனில் புதிர்ப்பாதையையே படுக்கைவாட்டில் புதிதாகப் போட்டிருந்தார்கள். எமுலேட்டரில் ஓடுவது அசல் ஆர்கேட் நிரல் என்பதால் அந்த மாதிரி மாற்றத்துக்கு அங்கே இடமில்லை.

இப்போது இழுத்து நிரப்புவதற்கு வருவோம். மேமில் கீப்-ஆஸ்பெக்ட் என்ற தேர்வை அணைத்தால் பேக்-மேன் 16:9 திரை முழுக்கப் பரவிவிடும். 3:4 வடிவப் படம் 16:9 ஆகும்போது அகலம் மட்டும் 2.37 மடங்கு கூடுகிறது. பேக்-மேன் முட்டை வடிவத்துக்கு மாறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் மேலும் கீழும் ஒரு வேகத்திலும், பக்கவாட்டில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்திலும் ஓடுவது போல் கண்ணுக்குத் தெரியும். திருப்பத்துக்கு முன்னால் ஜாய்ஸ்டிக்கை எப்போது தள்ளுவது என்ற கணக்கு கைக்குப் பழகவே பழகாது. டோடோன்பாச்சி மாதிரி குண்டு மழை பொழியும் கேமில் இன்னும் மோசம். சாய்ந்து வரும் குண்டின் கோணமே மாறிவிடுகிறது. இடைவெளி அகலமாகத் தெரிகிறதே என்று விமானத்தை நுழைத்தால், கேமின் கணக்கில் அங்கே இடமே இருக்காது. அந்த கேம்களை வடிவமைத்தவர்கள் எதிரிக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை வைத்துத்தான் கஷ்டத்தை அளந்து வைத்தார்கள். அந்த விகிதம் கெட்டால் நீங்கள் ஆடுவது வேறு கேம். அதனால்தான் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

அடுத்து, திருப்புவதா வேண்டாமா? இதைப் பிக்சலில் யோசிக்காமல் அளவுநாடாவால் யோசியுங்கள்.

24 அங்குல 16:9 மானிட்டரின் கண்ணாடி சுமார் 53 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். திருப்பாமல் பேக்-மேன் ஆடினால் படத்தின் உயரம் 30 செ.மீ., அகலம் 22 செ.மீ. சொச்சம். மூலைக்கு மூலை அளந்தால் 14.7 அங்குலம். மானிட்டரை நிமிர்த்தினால் படம் 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் ஆகி, மூலைக்கு மூலை 19.6 அங்குலம் வரும். பேக்-மேனின் நின்று ஆடும் பெட்டியில் இருந்தது 19 அங்குல டியூப். ஆக, நிமிர்த்தி வைத்த 24 அங்குல மானிட்டர் கிட்டத்தட்ட அசல் அளவையே கொடுத்துவிடுகிறது. இந்த அளவு எதேச்சையாகப் பொருந்தி வருவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஆனால் அதே நிமிர்ந்த மானிட்டரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போட்டால் அது 14.7 அங்குலத்துக்கு இறங்கிவிடும். நீங்கள் பார்த்தது இதைத்தான்.

இதே கணக்கை 32 அங்குல மானிட்டருக்குப் போட்டுப் பாருங்கள். திருப்பாமல், சாதாரணமாகப் படுக்கையில் வைத்தாலே நெடுக்கு கேம் 19.6 அங்குலம் வரும். நிமிர்த்திய 24-ம் படுக்கையில் வைத்த 32-ம் நெடுக்கு கேம்களுக்குத் துல்லியமாக ஒரே அளவு. அதோடு 32-ல் படுக்கை கேம்கள் 26 அங்குலத்துக்கு விரியும். எனவே இரண்டு வகையையும் கலந்து ஆடுகிறவர், மேசையில் இடமும் கையில் காசும் இருந்தால், திருப்புவதை மறந்துவிட்டுப் பெரிய மானிட்டர் வாங்குவதே மேல். இருக்கிற 24 அங்குலத்தோடு ஆடுகிறவர், அதிலும் ஷூட்டிங் கேம்களே உயிர் என்கிறவர், கட்டாயம் திருப்ப வேண்டும்.

ஸ்டாண்டில் திருப்பும் வசதி இல்லை என்றால் கவலை வேண்டாம். மானிட்டரின் முதுகில் நான்கு திருகுத் துளைகள் இருக்கிறதா பாருங்கள். வெசா துளைகள் என்பார்கள். இந்த அளவு மானிட்டர்களில் பெரும்பாலும் 100 மி.மீ. இடைவெளியில் சதுரமாக இருக்கும். சதுரம் என்பதால் நான்கு திருகையும் கழற்றி, மானிட்டரை 90 பாகை சுற்றி, அதே துளைகளில் மறுபடி மாட்டிவிடலாம். கையால் அசைக்கும் மானிட்டர் ஆர்ம் இருந்தால் இன்னும் சுலபம். கேபிள் செருகும் இடம் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கம் போனால் கேபிள் மேசையில் இடித்து மடங்கும்.

சரி, மென்பொருள் பக்கம். மூன்று நிலைமைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு செட்டிங்.

கேமுக்குத் தகுந்த மாதிரி மானிட்டரைக் கையால் திருப்பி ஆடுகிறவருக்கு, மேம்.ஐஎன்ஐ என்ற செட்டிங் கோப்பில் ஆட்டோ-ஆர்ஓஎல், ஆட்டோ-ஆர்ஓஆர் என்ற தேர்வுகள் இருக்கின்றன. இவை நெடுக்கு கேமை மட்டும் சாய்த்துக் காட்டும், படுக்கை கேமைத் தொடாது. விண்டோஸ் பாட்டுக்குப் படுக்கையிலேயே இருக்கலாம். உங்கள் மானிட்டர் கடிகார முள் திசையில் திரும்புகிறது என்றால் படம் அதற்கு எதிராக இடது பக்கம் சாய வேண்டும், ஆகவே ஆர்ஓஎல். எதிர்த் திசையில் திரும்பும் ஸ்டாண்டுக்கு ஆர்ஓஆர். இதை மாற்றிப் போட்டால் படம் தலைகீழாக நிற்கும், வேறு பாதகமில்லை.

மானிட்டரை நிரந்தரமாக நிமிர்த்தியே வைத்திருப்பவர் மேமில் எதையும் தொட வேண்டாம். விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஓரியன்டேஷனை போர்ட்ரெய்ட் ஆக்கிவிடுங்கள். லினக்ஸில் எக்ஸ்-ரேண்டர் (xrandr) கட்டளை இதையே செய்யும். மேம் தனக்குக் கிடைத்திருப்பது நிமிர்ந்த திரை என்று புரிந்துகொண்டு, நெடுக்கு கேமைப் பெரிதாகவும் படுக்கை கேமை நடுவில் சின்னதாகவும் நேராகவே காட்டும். கேம் பட்டியல் காட்டும் மெனுவும் சேர்ந்து நிமிர்ந்துவிடுவதால் இதுதான் தொல்லை இல்லாத வழி.

மூன்றாவது, சிஸ்டத்தில் திரையைத் திருப்ப வழியில்லாத பெட்டி. அங்கே மேம்.ஐஎன்ஐ கோப்பில் ஆர்ஓஎல் அல்லது ஆர்ஓஆர் தேர்வை 1 என்று வைத்தால் எல்லா கேமும் ஒரே திசையில் திரும்பிவிடும். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப் கீயை அழுத்தி, வீடியோ ஆப்ஷன்ஸில் ரோடேட் என்ற வரியை மாற்றிப் பார்த்து, எது சரி என்று முடிவுசெய்த பின் கோப்பில் எழுதுவது நல்லது.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி: மேம் ஒவ்வொரு கேமையும் திறக்கும்போது, அது நெடுக்கு வகை என்றால் வெர்டிகல்.ஐஎன்ஐ என்ற கோப்பையும், படுக்கை வகை என்றால் ஹாரிசான்ட்.ஐஎன்ஐ என்ற கோப்பையும் தேடிப் படிக்கும். இரண்டாவது பெயரை ஆங்கிலத்தில் எட்டே எழுத்தில், கடைசி இரண்டு எழுத்து இல்லாமல் எழுத வேண்டும். முழுச் சொல்லாக எழுதினால் கண்டுகொள்ளாது. நெடுக்கு கேம்களுக்கு மட்டும் ஒரு ஷேடர் (படத்துக்குப் பழைய டியூப் தோற்றம் கொடுக்கும் சின்ன நிரல்), படுக்கைக்கு வேறொன்று என்று வைக்க இதைவிட எளிய வழி இல்லை. ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனிக் கோப்பு எழுதி மாய வேண்டாம்.

மேமுக்குப் பதில் ரெட்ரோஆர்ச் என்ற மென்பொருளில் ஃபைனல்பர்ன் நியோ கோரை (அதற்குள் ஓடும் இன்னொரு எமுலேட்டர்) வைத்து ஆடுகிறவர்கள் கோர் ஆப்ஷன்ஸில் வெர்டிகல் மோட் என்ற வரியைப் பாருங்கள், டேட்டே என்ற தேர்வும் அதற்குள்தான் இருக்கிறது. படம் தலைகீழாக வந்தால் அதன் ஆல்டர்நேட் வகையைப் போடுங்கள்.

படம் திரும்பிய பிறகும் கண்ணை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு, அது பிக்சல் கணக்கு. 1080 பிக்சல் உயரத்துக்குள் பேக்-மேனின் 288 வரிசைகளை அடைத்தால் ஒரு வரிசைக்கு 3.75 பிக்சல். முக்கால் பிக்சல் என்று ஒன்று கிடையாது. அதனால் சில வரிசைகள் 4 பிக்சல் தடிமனாகவும் சில 3 பிக்சலாகவும் வரும். பேக்-மேன் தின்னும் சின்னப் புள்ளிகளைக் கிட்டே போய்ப் பாருங்கள், ஒரு வரிசையில் தடித்தும் அடுத்ததில் மெலிந்தும் இருக்கும். 1942-ல் கடல் நகரும்போது இதே கோளாறு நெளிவாகத் தெரியும். படத்தை மென்மையாக்கும் ஃபில்டரைப் போட்டால் நெளிவு போகும், ஆனால் எல்லாம் மங்கலாகும். நடுவழி ஒன்று இருக்கிறது. ப்ரீஸ்கேல் என்ற தேர்வை 3 அல்லது 4 என்று வைத்து ஃபில்டரையும் போட்டுவிட்டால், மேம் முதலில் படத்தை முழு எண் மடங்கில் கூர்மையாகப் பெரிதாக்கிக்கொண்டு, மிச்ச இழுப்பை மட்டும் மென்மையாகச் செய்யும். நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

சில மானிட்டர்களில் இந்தப் பிரச்சினையே எழாது. நிமிர்த்தி வைத்த 1080-க்கு 1920 திரையில் 3:4 படத்துக்குக் கிடைக்கும் உயரம் 1440. பேக்-மேனின் 288-ஐ ஐந்தால் பெருக்கினால் சரியாக 1440. உயரவாக்கில் ஒரு பிக்சல்கூடப் பிசகாது, அகலத்தில் மட்டும்தான் பின்னம் வரும். 2560-க்கு 1440 மானிட்டர் என்றால் திருப்பாமலே அந்த 1440 கிடைத்துவிடும். டோடோன்பாச்சியின் படம் 240-க்கு 320. அலுவலகங்களில் இருந்து கழித்துக் கட்டப்படும் பழைய 17, 19 அங்குல 5:4 மானிட்டர்கள் இருக்கிறதே, 1280-க்கு 1024, அதில் ஒன்றை நிமிர்த்தினால் 1024-க்கு 1280. அதற்குள் நான்கு மடங்கில் 960-க்கு 1280 என்று டோடோன்பாச்சி உட்கார்ந்துகொள்ளும். மேலும் கீழும் இடைவெளியே இல்லை, பக்கங்களில் 32 பிக்சல்தான் மிச்சம். 1600-க்கு 1200 பிக்சல் கொண்ட 4:3 மானிட்டரைத் திருப்பினால் ஐந்து மடங்கில் மூலைக்கு மூலை நிரம்பிவிடும். ஷூட்டிங் கேமுக்கென்றே தனிப் பெட்டி செய்கிறவருக்கு இந்தப் பழைய சதுர மானிட்டர்கள் புதையல். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடத்தில் பழைய மானிட்டர்களுக்கு நடுவில் ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

வாங்கும் முன் பேனல் வகையைக் கேளுங்கள். மலிவான டிஎன் பேனலை மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறும். அதை நிமிர்த்தினால் அந்தக் குறை இடது வலது பக்கத்துக்கு வந்துவிடும். இடது கண்ணுக்கு ஒரு வெளிச்சமும் வலது கண்ணுக்கு இன்னொன்றும் தெரிந்து, கொஞ்ச நேரத்தில் கண் சோர்ந்துவிடும். பக்கத்தில் நிற்கும் இரண்டாவது ஆட்டக்காரருக்குப் படம் வெளிறியே தெரியும். திருப்பி வைப்பதற்கு ஐபிஎஸ் பேனல்தான் சரி.

ஸ்கேன்லைன் (டியூப் படத்தை வரையும் கோடுகள்) ஷேடர் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அசல் பெட்டியில் டியூப்பே திரும்பியிருந்ததால் பேக்-மேனின் ஸ்கேன்லைன்கள் மேலிருந்து கீழாக, செங்குத்தாக ஓடின. பல ஷேடர்கள் எதையும் பார்க்காமல் கிடைக்கோடு போட்டுவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பெட்டி அப்படி இருந்ததில்லை. ஷேடரில் கோட்டின் திசையை மாற்ற வழி இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஷேடர் எடுங்கள்.

திருப்பாமல் ஆடுவதென்று முடிவு செய்தவர்கள் கறுப்புப் பட்டையை பெசல் படங்களால் மூடலாம். அசல் பெட்டிகளிலும் டியூப்பைச் சுற்றி ஓவியம் அச்சிட்ட சட்டம் இருந்தது. அதை ஸ்கேன் செய்து மேமுக்கான ஆர்ட்வொர்க் கோப்பாகத் தந்திருக்கிறார்கள். டாங்கி காங்கைச் சுற்றி அதன் பெட்டி ஓவியம் வந்ததும் காலி இடம் என்ற எண்ணமே போய்விடும். ஓவியம் படத்தையே சின்னதாக்கிவிட்டால் வீடியோ ஆப்ஷன்ஸில் ஸூம் டு ஸ்க்ரீன் ஏரியா என்பதைப் போடுங்கள்.

அங்கே பிக்சல் ஆஸ்பெக்ட் என்று ஒரு வியூ இருக்கும். அது ஒவ்வொரு பிக்சலையும் சதுரமாக வைத்துக் காட்டும். பேக்-மேனுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, 7:9 என்பதும் 3:4 என்பதும் பக்கத்துப் பக்கத்து விகிதங்கள்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு இதைப் போடவே போடாதீர்கள். அதன் படம் 384-க்கு 224. டியூப் அதை 4:3-க்குள் நெருக்கிக் காட்டும் என்று தெரிந்தே வரைந்த உருவங்கள் அவை. சதுரப் பிக்சலில் போட்டால் ரியூவும் கென்னும் பக்கவாட்டில் பெருத்துப் போவார்கள்.

கண்ணாடியில் பிரதிபலித்துக் காட்டும் பெட்டி செய்கிறவர்களுக்கு ஃபிளிப்-எக்ஸ் என்ற தேர்வு உதவும், அது படத்தை இடம் வலமாக மாற்றும். மிட்வே வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் நின்று ஆடும் பெட்டியில் டியூப் அடியில் மேல்நோக்கிப் படுத்திருக்கும்; ஆடுகிறவர் பார்த்தது பாதி ஊடுருவும் கண்ணாடியில் விழுந்த பிம்பத்தை, பின்னால் நிலவின் தரை ஓவியத்தோடு சேர்த்து. அதைத் திரும்பக் கட்ட நினைக்கிறவருக்கு இந்த ஒரு தேர்வு போதும்.

நிமிர்ந்த மானிட்டரில் படுக்கை கேம் சின்னதாகிறது என்ற விதிக்கு அருமையான விலக்கு ஒன்றும் இருக்கிறது. நின்டெண்டோ 1984-ல் வெளியிட்ட பஞ்ச்-அவுட்!! ஆர்கேட் பெட்டியில் இரண்டு திரைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. இரண்டு 4:3 படங்களை அடுக்கினால் 1080 பிக்சல் அகலத்தில் 1620 உயரம் வரும். 1920-க்குள் தாராளமாக அடங்கும். படுக்கை மானிட்டரில் இதே கேம் பரிதாபமாகச் சுருங்கிவிடும். மாறாக, மூன்று திரைகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிய டைட்டோவின் டேரியஸை நிமிர்ந்த மானிட்டரில் போட்டால் 270 பிக்சல் உயரத்தில் ஒரு ரிப்பன்தான் மிஞ்சும். அதை ஆட மானிட்டரைப் படுக்க வைத்தே தீர வேண்டும்.

வீட்டில் கிடக்கும் பழைய டியூப் டிவியைப் பக்கவாட்டில் சாய்த்து ஆடலாமா என்று கேட்பவர்கள் உண்டு, வேண்டாம். அதன் காற்றுத் துளைகளும் உள்ளே கண்ணாடி எடையைத் தாங்கும் அமைப்பும் நிமிர்ந்து நிற்பதற்காகச் செய்யப்பட்டவை. சாய்த்தால் பூமியின் காந்தப் புலத்தோடு டியூப்பின் நிலை மாறி, மூலைகளில் நிறத் திட்டுகளும் வரும். மூடியைத் திறந்து சரிசெய்யலாம் என்று இறங்கினால் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட், அணைத்த பிறகும் தங்கியிருக்கும்.

உங்கள் 24 அங்குல மானிட்டருக்கு நான் சொல்வது: பின்னால் வெசா துளை இருந்தால் திரும்பும் ஆர்ம் ஒன்று மாட்டுங்கள். விண்டோஸைப் படுக்கையிலேயே விட்டுவிட்டு, ஆட்டோ-ஆர்ஓஎல்லைப் போட்டு, ப்ரீஸ்கேலை 4 ஆக்கி ஃபில்டரையும் போடுங்கள். கீப்-ஆஸ்பெக்ட் அணையாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பேக்-மேன், 1942 ஆடும்போது மானிட்டரை நிமிர்த்துங்கள், ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குப் படுக்க வையுங்கள். துளை இல்லாத மானிட்டர் என்றால் பெசலோடு இப்போதைக்கு ஆடுங்கள், அடுத்து வாங்கும்போது 32-ஆகப் பாருங்கள்.